புற்றுநோயாளி புகையை விட்டாரா என்று பதிவேடுகளை வைத்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். இங்கிலாந்தில் ஒவ்வொருவருக்கும் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் 10 இலக்க எண் உண்டு. குடும்ப மருத்துவரின் கணினிப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு மூன்றையும் அந்த எண் இணைக்கிறது. ஆய்வாளர் கைக்கு வரும்போது பெயரும் எண்ணும் நீக்கப்பட்டிருக்கும். நோய் கண்டறிந்த தேதி ஒரு பதிவேட்டில், அதற்கு முன்னும் பின்னும் "புகைப்பவர்", "விட்டவர்" என்ற குறிப்புகள் இன்னொன்றில். அடுக்கிப் பார்த்தால் மாற்றம் தெரியும்.

அந்தக் குறிப்புகள் அங்கே நிறையக் கிடைப்பதற்குப் பணமும் ஒரு காரணம்: 2004 முதல் புகைப்பழக்கத்தைப் பதிவு செய்யும் மருத்துவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை தந்தது.

இப்படிப்பட்ட தரவில்தான் சங்கடமான ஓர் உண்மை வெளிவந்தது. இதய நோயாளிகளுக்குச் சொன்ன அளவுக்குப் புற்றுநோயாளிகளுக்குக் குடும்ப மருத்துவர்கள் "புகையை விடுங்கள்" என்று சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன பயன் என்ற நினைப்பாக இருக்கலாம். அது என் ஊகம். உண்மையில் விட்டால் சிகிச்சை நன்றாக வேலை செய்யும், இரண்டாவது புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும்.

ஓட்டைகளும் உண்டு. டாக்டரிடம் போகாதவருக்குக் குறிப்பே இருக்காது. போனவரும் கூச்சத்தில் "விட்டுட்டேன்" என்பார். கோட்டினின் (உடலில் நிகோடின் சிதைந்து உண்டாகும் பொருள்) பரிசோதனை பொய்யைப் பிடிக்கும்தான், ஆனால் புகையை விட உதவும் நிகோடின் பட்டை ஒட்டியிருப்பவரையும் சேர்த்துப் பிடித்துவிடும்.