கரந்தைத் தெருக் கோப்பைகளும் படிவம் 2-உம்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகன் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பதே இல்லை என்றும், தஞ்சை கரந்தைத் தெருவில் தொடங்கிய கால்பந்தாட்டம் இப்போது பட்டுக்கோட்டை, காரைக்கால் என்று இரவுப் போட்டிகளுக்கு அவனை அழைத்துப் போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பீரோவின் மேல் வரிசையாக நிற்கும் பதினொரு கோப்பைகளின் படத்தையும் அனுப்பி, "இவற்றை வைத்துக்கொண்டு இவன் என்ன செய்யப் போகிறான்?" என்று கேட்டிருந்தீர்கள். கல்லூரிச் சேர்க்கையிலோ வேலைவாய்ப்பிலோ அந்தக் கோப்பைகளுக்கு மதிப்பெண் கிடையாது. ஆயினும் அவற்றை வென்ற திறமைக்கு இடம் உண்டு. அந்த இடத்துக்குப் போகும் வழி தெருவில் யாருக்கும் தெரிவதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் பகுதியில் பிள்ளைகள் ஏன் தெருவில் ஆடுகிறார்கள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சம்பா அறுவடை முடிந்த பிறகு காய்ந்து கிடக்கும் வயல்தான் அவர்களுக்கு மைதானம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவைக்கு உழவு தொடங்கிவிட்டால் அந்த வயலில் கால் வைக்க முடியாது. ஆட்டம் அப்படியே தெருவுக்கும், மதிலோரத்துக்கும், கையில் காசிருந்தால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானமான டர்ஃபுக்கும் இடம் மாறுகிறது. குறுகிய இடத்தில் இரண்டு பேர் நெருக்கும்போது பந்தைக் காலை விட்டுப் பிரியாமல் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பும் பழக்கம் அப்படித்தான் வருகிறது. பெரிய மைதானத்தில் மட்டும் பயின்ற பிள்ளைகளுக்கு அதைப் பிறகு கற்றுக்கொடுக்கப் பயிற்சியாளர்கள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தெருவை வீணாய்ப்போன பொழுது என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

அவன் கைபேசியில் பார்ப்பதாக எழுதியிருந்த 'பன்னா' ஆட்டம் நெதர்லாந்து நாட்டு நகரங்களின் தெருக்களில் வளர்ந்தது. எதிராளியின் இரு கால்களுக்கு இடையே பந்தைச் செலுத்தி, மறுபக்கம் போய் அதைத் திரும்பவும் தன் வசம் எடுத்துக்கொண்டால், கோல் கணக்கு எதுவாக இருந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அதன் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனால் தெருவில் ஆடி வளர்ந்தவர்களின் கதையில் காணொளிகள் காட்டாத பாதி ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாமின் தெருக்களில் ஆடிய நெதர்லாந்து நட்சத்திரம் யோகான் கிரைஃப் பத்து வயதில் அயாக்ஸ் கிளப்பில் சேர்ந்தார். மார்செய் நகரின் லா காஸ்டலான் குடியிருப்பில் ஆடி வளர்ந்த பிரெஞ்சு நட்சத்திரம் ஜிடான் சிறுவயதிலேயே உள்ளூர்க் கிளப்புகளில் பதிவு செய்துகொண்டு ஆடினார்.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். வடசென்னை வியாசர்பாடியின் நெரிசலான தெருக்களிலிருந்து வந்த தனபால் கணேஷ் 2017-18 பருவத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். அதே வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில், கொல்கத்தாவின் இரு பெரிய கிளப்புகள் மோதிய ஆட்டத்தில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றி கோலை அடித்தார். தெருவில் ஆடிய பிள்ளைகளை முறையான பயிற்சிக்கும் பதிவு பெற்ற அணிகளுக்கும் கொண்டு சேர்க்கும் பெரியவர்கள் அந்தப் பேட்டையில் இருந்தார்கள். நம் டெல்டாவில் அந்தக் கண்ணிதான் பலவீனமாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் இளைஞரின் நினைவு இன்னும் என்னை உறுத்துகிறது. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளில் அவர் பெயரை மைக்கில் சொன்னாலே கூட்டம் எழுந்து நிற்கும். வெளி அணிகளுக்கு ஆடும் கெஸ்ட் பிளேயராக அழைத்துப் போக மூன்று மாவட்டங்களிலிருந்து வண்டி வரும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது அவரிடம் கேட்கப்பட்டது விளையாட்டுச் சான்றிதழ்ப் படிவம் மட்டுமே. பன்னாட்டுப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. அவரிடம் நான்கில் ஒன்றும் இல்லை. அவரைவிடச் சுமாராக ஆடியவர்களுக்கு அவற்றில் ஒன்று கிடைத்திருந்தது, பள்ளி அணியில் பெயர் கொடுத்திருந்தார்கள் என்ற ஒரே காரணத்தால்.

ஆகவே முதல் வேலையாகப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைச் சந்தியுங்கள். பக்கத்துப் பள்ளிகளோடு ஆடும் குறுவட்டப் போட்டியில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று ஏறி, மாநில அணியில் இடம் பிடித்தால்தான் தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் போக முடியும். பதினொருவர் ஆடும் பெரிய மைதானத்தில் அவன் இதுவரை ஆடியதில்லை என்றால் முதல் சில மாதங்கள் மூச்சு வாங்கும், பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிப்பான். அதற்காக மனம் தளர விடாதீர்கள். முதலமைச்சர் கோப்பைக்கான பதிவு தொடங்கும்போது அதிலும் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் பதினொன்றாம் வகுப்புக்கும் சேர்க்கை உண்டு என்பதால், அவனுக்கு இந்த ஆண்டு அது திறந்திருக்கும் கதவு. தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் தேர்வு நாளை விசாரித்து வையுங்கள்.

வயது விஷயத்தில் மட்டும் மிகவும் கண்டிப்பாக இருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் ஒரே தேதி இருக்க வேண்டும். 'இரண்டு வயது குறைத்துப் போட்டால் சின்னப் பிள்ளைகளோடு ஆடலாம்' என்று யோசனை சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இளையோர் லீக்குகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைக் கொண்டு வயதைக் கணிக்கிறார்கள் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி, பிழைப்பைப் பற்றி. தொழில்முறை ஆட்டக்காரனாவதை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்தி வைக்கப்பட்டு, சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தியபோது, தேசிய அணியில் ஆடியவர்களே கலங்கினார்கள். ஆனால் தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவல்துறையும் ரயில்வேயும் ஆட்டக்காரர்களை எடுக்கின்றன. பக்கத்துக் கடலூரிலிருந்து போய் இந்திய மகளிர் அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனவர். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உள்ளன. ஆட்டத்தோடே வாழ வேண்டும் என்று அவன் விரும்பினால், பட்டப்படிப்புக்குப் பின் இரண்டு ஆண்டு உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். படித்து உடற்கல்வி ஆசிரியராகலாம், பதினெட்டு வயதானதும் பயிற்சியாளருக்கான தொடக்க நிலை 'டி' உரிமம் பெறலாம். இவற்றுள் எதற்கும் பள்ளிப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை வாரத்தில் நான்கு மாலைகள் ஆட்டம், ஏழு மணிக்கு வீடு என்று அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அவன் பங்கில்லாமல் போடும் விதியை அவன் மதிக்க மாட்டான்.

இரவுப் போட்டிகளை இப்போதைக்கு நிறுத்தத்தான் வேண்டும். பெட் கட்டி நடக்கும் ஆட்டங்களில் பதினைந்து வயதுப் பையனை வளர்ந்த ஆட்கள் இடித்துத் தள்ளுவார்கள். முழங்கால் தசைநார் கிழிந்தால் சிகிச்சைச் செலவை எந்த அமைப்பாளரும் ஏற்பதில்லை, இழப்பு முழுவதும் தங்கள் வீட்டுக்குத்தான். கைக்குக் கிடைக்கும் ஐந்நூறு ரூபாய் அந்த வயதில் பெரிய தொகையாகத் தெரிவதும் ஆபத்துதான். தெரு நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவனையும் அழைத்து வாருங்கள். கோப்பைகளைச் சுமந்து வர வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், எட்டாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண் பட்டியல்கள், இருந்தால் பள்ளி விளையாட்டு விழாவில் கொடுத்த சிறு சான்றிதழும் போதும். பந்தை அவன் கொண்டு வரலாம். என் அலுவலகத்தின் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்