முற்றத்தில் எய்ய ஒரு மலிவான வில்: கேள்வி பதில்

பதுளைப் பக்கம் 15 வருடமாகச் சொந்தமாக வில் செய்து எய்து வருகிறேன். வந்த கேள்விகளில் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹட்டன்: அண்ணா, முதல் வில்லை மூங்கிலில் செய்யவா, பிவிசி குழாயில் செய்யவா?

மூங்கில்தான் தம்பி. நன்றாக முற்றிய, சுவர் தடித்த மூங்கிலாகப் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒன்றரை அங்குல அகலத்துக்குப் பிளந்துகொள்ளுங்கள். பச்சையாக வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், விசை இருக்காது. நம் பனியிலும் தூறலிலும் வெளியில் வைத்தால் காயாது. அடுப்படிக்கு மேலே பரணில் சில வாரம் போட்டு வையுங்கள்.

மூங்கிலின் வெளித்தோல் பக்கம் இலக்கைப் பார்த்து இருக்கவேண்டும். உறுதியான நார் எல்லாம் அங்கேதான் நெருங்கி இருக்கிறது, இழுவையைத் தாங்குவதும் அதுதான். அந்தப் பக்கம் கத்தி படவே கூடாது. உள்பக்கத்தை மட்டும் சீவுங்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி நன்றாக வேலை செய்யும், கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டலாம்.

அப்புறம்தான் உண்மையான வேலை. நடுப் பிடியை ஒரு கட்டையில் மாட்டி, நாணில் கயிறு கட்டிக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா? வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தில் சுரண்டுங்கள். அதிகமாக வளையும் இடத்தைத் தொடாதீர்கள். நான் முதலில் செய்த மூன்று வில்லும் உடைந்தது இந்த இடத்தில் அவசரப்பட்டதால்தான். ஒரு மாலை முழுக்க இதற்கே போனாலும் பரவாயில்லை.

நுவரெலியா: பிவிசி வில் ஒன்று செய்தேன். தை மாதக் காலையில் இழுத்ததும் சில்லுச் சில்லாக உடைந்தது. ஏன்?

குளிர்தான் காரணமாக இருக்கும். பிவிசி குளிரில் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வெயிலில் நாள்பட்டுக் கிடந்த குழாயும் அப்படித்தான். உங்கள் ஊரில் புல்லில் உறைபனி விழுகிற காலையில் அதைத் தொடவேண்டாம். மற்ற நேரத்திலும் குழாயைத் துணியாலோ டேப்பாலோ இறுக்கிச் சுற்றிவிட்டால், உடைந்தாலும் துண்டு முகத்துக்கு வராது. சூடாக்கி வளைப்பதாக இருந்தால் வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். கருகினால் வரும் புகை நஞ்சு.

தலவாக்கலை: வில்லின் பலத்தை எப்படி அளப்பது? எவ்வளவு இருந்தால் போதும்?

கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசு இருந்தால் போதும். தராசை மேலே மாட்டி, கொக்கியில் நாணைப் போட்டு, வில்லின் பிடியைக் கீழே இழுங்கள். நீங்கள் எய்யும்போது நாண் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு இழுத்ததும் முள் காட்டுவதுதான் உங்கள் வில்லின் பலம். பெரியவர்களுக்குப் பழக 9 முதல் 11 கிலோ, அதாவது 20 முதல் 25 இறாத்தல் போதும். எல்லோரும் முதலில் பலமான வில்தான் கேட்கிறார்கள். அதை இழுக்கையிலேயே கை நடுங்கும், தோள் நோகும், குறி படியாது. இலேசான வில்லில் நூறு அம்பு எய்தால்தான் கை பழகும்.

மஸ்கெலியா: தம்பி, என் மகனுக்கு 9 வயது. குடைக் கம்பியை அம்பாக்கி விளையாடுகிறான். விடலாமா?

விடாதீர்கள் அக்கா, இன்றைக்கே வாங்கி வைத்துவிடுங்கள். குடைக் கம்பி மெல்லியது, ஊசி மாதிரி இறங்கும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நான் சிறுவனாக இருந்தபோது ஒரு பையனுக்குக் கண்ணுக்குக் கீழே குத்திவிட்டது, மயிரிழையில் கண் தப்பியது. மகனுக்கு 4 அல்லது 5 கிலோ வில் ஒன்று செய்து கொடுங்கள். அம்பு நேரான மெல்லிய மூங்கிலில் இருக்கட்டும், முனையில் ரப்பர் மூடி போடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

பண்டாரவளை: லயத்துக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் இடம். போதுமா?

போதும். ஆனால் 10 கிலோ வில்லே அம்பை 100 மீட்டருக்கு அப்பாலும் அனுப்பும். அதனால் பின்னால் மண் திட்டு உள்ள பக்கம் பார்த்து எய்யுங்கள். தேயிலை மலைக்குள் போகும் நடைபாதையைப் பார்த்து ஒருபோதும் வேண்டாம், கொழுந்தெடுப்பவர்கள் எந்த நேரமும் வரலாம். உரச்சாக்கில் பழைய துணியைத் திணித்து, காலால் மிதித்து இறுக்கிக் கட்டினால் நல்ல இலக்கு. தளர்வாக இருந்தால் அம்பு ஊடுருவிப் போகும்.

கந்தப்பளை: உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் பன்றி வருகிறது. இந்த வில்லால் விரட்டலாமா?

வேண்டாம். இந்தப் பலத்தில் காயம்தான் படும், உயிர் போகாது. புதருக்குள் போய் நாள்கணக்கில் வலியில் கிடக்கும். வேலி போடுங்கள்.

கண்டி: செய்ய நேரமில்லை, வாங்கவே நினைக்கிறேன்.

அப்படியானால் கழற்றி மாட்டக்கூடிய, நுனி முன்பக்கம் வளைந்த மர வில்லாகப் பாருங்கள். பிறகு கை பலப்பட்டால் மேல் கீழ் இரண்டு பாதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழையது வாங்கினால் நாண் ஏற்றி நுனியிலிருந்து பாருங்கள். நாண் வில்லின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் முறுகியிருக்கிறது, வாங்காதீர்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுப் பார்க்கவேண்டாம். அம்புக்குப் போகவேண்டிய விசை வில்லுக்குள்ளேயே அடித்து உடைத்துவிடும்.

ஹாலி எல: நாணுக்கு நைலோன் கயிறு சரிவருமா?

சரிவராது, இழுபட்டு நீண்டுகொண்டே போகும். சப்பாத்துத் தைக்கிற பொலியெஸ்டர் நூலைப் பல இழையாக முறுக்கி, தேன்மெழுகு தேயுங்கள். வில்லின் பலத்தைப் போல நான்கு மடங்காவது தாங்கவேண்டும். நாண் ஏற்றிய பிறகு வில்லின் பிடிக்கும் நாணுக்கும் இடையில், கட்டைவிரலை நீட்டிய முஷ்டி அளவு இடைவெளி இருக்கட்டும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, வில்லைப் படுக்கையாக வையுங்கள்.