கோயில் ஏலம் விடும்போது நாக்கு குழறுகிறதா?

தம்பி, ஆடித் திருவிழாவில் எலுமிச்சம்பழ ஏலம் விடப்போவதாகவும், அமெரிக்க மாட்டுச் சந்தை ஏலக்காரர்கள் படபடவென ஏலம் விடும் வீடியோ பார்த்துப் பழகினால் நாக்கு குழறி மூச்சு வாங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அந்த வேகத்தைத் துரத்தாதீர்கள். அவர்கள் சொல்வதில் சரக்கு இரண்டே எண்கள்தான்: இப்போது கேட்ட தொகை, அடுத்து வேண்டிய தொகை. நடுவில் வருவதெல்லாம் ஒட்டிக்கொண்டு ஓடும் இட்டுநிரப்பும் சொற்கள். ஏலக்காரர்களின் பேச்சை ஆராய்ந்த மொழியியலாளர் கூன்ராட் கைப்பர், பழகிப்போன தொடர்கள்தான் அந்தச் சரளத்துக்குக் காரணம் என்கிறார். வாய் தானாக ஓடும்போது கண் கூட்டத்தில் இருக்கலாம் அல்லவா?

நீங்களும் ஒரே ஒரு தொடரைப் பிடித்துக்கொள்ளுங்கள். "ஐந்நூறு கேட்டாச்சு, அறுநூறு யாரு, அறுநூறு யாரு?" இப்படியே நூறு நூறாக ஐயாயிரம் வரை ஏறி, அப்புறம் இறங்குங்கள். தினமும் பத்து நிமிடம், மெதுவாக. தாளம் பிடிபட்டால் வேகம் தானே வரும். மூச்சை எண்ணுக்கு நடுவில் எடுக்காமல், "யாரு" முடிந்ததும் எடுங்கள். முடிந்தால் சேலம் செவ்வாய்பேட்டை வெல்ல மண்டியில் ஏல நேரத்தில் போய் நின்று கேளுங்கள். நம் ஊர்க் குரலின் தாளம் அங்கே கிடைக்கும்.

"ஒரு தரம், ரெண்டு தரம்" வந்ததும் மட்டும் நிதானம் கட்டாயம். அங்கே அவசரப்பட்டால், வேண்டுதலோடு கேட்க வந்தவர் மனம் நொந்துபோவார்.