ஒரு லிட்டர் கடல்நீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தீவு மக்களே கடல்நீர் எடுத்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பிக் கடலைக் கண்காணிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சில இங்கே.

எங்கள் தீவைச் சுற்றி நீர் எடுத்துத் தரச் சொல்லி ஓர் ஆய்வுக்கூடம் கேட்கிறது. அதை வைத்து என்னென்ன மீன் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். எத்தனை இருக்கிறது என்றும் தெரியுமா? – மீனவர் குழுச் செயலாளர்

என்னென்ன மீன் என்பதை ஓரளவு நன்றாகவே சொல்லலாம் ஐயா. எத்தனை என்று எண்ணிச் சொல்ல முடியாது.

சளி, செதில், கழிவு என்று மீனின் உடம்பிலிருந்து ஏதாவது உதிர்ந்துகொண்டே இருக்கும். அதிலுள்ள டிஎன்ஏ நீரில் கலந்துவிடும். நுண்துளை வடிகட்டியில் நீரைச் செலுத்தினால் அந்த டிஎன்ஏ வடிகட்டியில் தங்கும். ஆய்வுக்கூடத்தில் அதைப் பல நகல்களாகப் பெருக்கிப் படித்து, தெரிந்த இனங்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவார்கள். மீன்களுக்கு இன்று பரவலாகப் பயன்படுவது ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட 'மைஃபிஷ்' முறை.

கடல்நீரில் இந்த டிஎன்ஏ சில மணி நேரம் முதல் சில நாள்வரைதான் தாங்கும். வெயிலும் வெப்பமும் அதைச் சீக்கிரம் சிதைத்துவிடும். ஆகவே போன மாதம் கடந்துபோன சுறாவை இன்றைய நீரில் தேடிப் பயனில்லை. மீன் குஞ்சா, பெரியதா, உயிரோடு இருந்ததா, செத்து மிதந்ததா என்பதும் தெரியாது. பிடிப்புக் கணக்கு எழுதுவதையும், முக்குளித்து எண்ணுவதையும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

அக்கா, குப்பியில் நீர் மொள்ளுவதற்கு ஏன் இத்தனை கெடுபிடி? கையுறையை மாற்று, அதைத் தொடாதே, இதைத் தொடாதே என்கிறார்கள். சுத்தமான குடிநீரைக் கொடுத்து அதையும் வடிகட்டச் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் பாதிப் பேர் சலித்துவிட்டார்கள். – தன்னார்வ இளைஞர்

சலிப்பு நியாயம்தான் தம்பி. ஆனால் அந்தக் குடிநீர்க் குப்பிதான் உங்கள் வேலைக்குச் சாட்சி.

நீங்கள் போவது மீன்பிடிப் படகில். பலகை, கயிறு, உங்கள் உள்ளங்கை எல்லாவற்றிலும் மீன் டிஎன்ஏ ஒட்டியிருக்கிறது. காலையில் மீன் டப்பாவைத் திறந்த கையால் குப்பியின் மூடியைத் திருகினால், அந்த மீனும் உங்கள் கடலில் நீந்தியதாகப் பட்டியலில் ஏறும். சுத்தமான நீரை அதே படகில், அதே கருவியால் வடிகட்டும்போது அதில் மீன் எதுவும் வரக்கூடாது. வந்தால் அன்றைய மாதிரிகளைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். இந்த வெற்று மாதிரி இல்லாத பட்டியலை எந்த அதிகாரியும் ஒரே கேள்வியில் தள்ளிவிடலாம். காசு மிச்சம் பிடிக்க அதை வெட்டச் சொல்லும் திட்ட மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்டால் கெடுபிடி பாதியாகக் குறையும். ஒருவர் படகையும் நங்கூரத்தையும் மட்டும் பார்க்கட்டும். இன்னொருவர் கையுறை போட்டு நீர் எடுத்து வடிகட்டட்டும். அவர் வேறு எதையும் தொடக்கூடாது. மூன்றாமவர் எழுதட்டும். படகின் அணியத்திலிருந்து (முன்பக்கத்திலிருந்து), நீரோட்டம் வரும் பக்கமாகக் குப்பியை இறக்குங்கள். அப்போது படகில் பட்ட நீர் குப்பிக்குள் வராது. வலை இழுத்து மீன் ஏற்றுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். ஒரே இடத்தில் மூன்று மாதிரியாவது எடுங்கள். அரிய இனம் ஒன்றில் சிக்கி மற்ற இரண்டில் சிக்காமல் போவது சகஜம்.

எழுதுபவர்தான் குழுவின் தூண். இடம், நேரம், ஆழம், ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்), எவ்வளவு நீர் வடிகட்டியில் இறங்கியது எல்லாம் வேண்டும். கலங்கல் நீரில் ஒரு லிட்டருக்கு முன்பே வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பரவாயில்லை, இறங்கிய அளவை அப்படியே எழுதுங்கள். லேபிளுக்குப் பென்சில்தான் நல்லது. ஆல்கஹால் பட்டால் பேனா மை ஓடிவிடும்.

தீவுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: மாதிரியை வெளியே அனுப்புவது. மின்சாரம் போனால் உறைபெட்டியை நம்ப முடியாது. ஆல்கஹாலில் போட்டால் தீப்பற்றும் பொருள் என்று விமானத்தில் ஏற்றத் தயங்குவார்கள். வடிகட்டியைத் தானே உலரவைக்கும் உறையோ, அறை வெப்பத்தில் தாங்கும் பாதுகாப்புத் திரவமோ ஆய்வுக்கூடம் தர வேண்டும். பயிற்சிக்கு முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள். கருவியைப் பிளீச்சில் கழுவினால் பிறகு நன்றாக அலசுங்கள். மிச்சமிருக்கும் பிளீச் மாதிரியின் டிஎன்ஏவையும் அழித்துவிடும். சில பாதுகாப்புத் திரவங்களோடு பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு வரும். இரண்டும் ஒரே வாளியில் வேண்டாம்.

பட்டியல் வந்தது. எங்கள் கடலில் யாரும் கண்டிராத மீன் ஒன்று அதில் இருக்கிறது. தினமும் வலையில் விழும் மீன் ஒன்று இல்லை. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். – குழு ஒருங்கிணைப்பாளர்

சிரிக்கட்டும், கூடவே உட்கார்ந்து பட்டியலைத் திருத்தவும் செய்யட்டும்.

உங்கள் மீனின் டிஎன்ஏ வரிசை தரவுத்தளத்தில் இல்லாவிட்டால், கணினி அதன் நெருங்கிய உறவினரின் பெயரைப் போட்டுவிடும். நீங்கள் காணாத மீன் அப்படி வந்திருக்கலாம். படிக்கப்படும் துண்டு மிகச் சிறியது. மைஃபிஷ் முறையில் சுமார் 170 டிஎன்ஏ எழுத்துகள். ஒன்றுக்கொன்று நெருங்கிய இனங்களை அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாமல் போவதுண்டு. அல்லது கப்பலிலிருந்து கொட்டிய சமையல் கழிவிலிருந்து வந்திருக்கலாம். உண்மையிலேயே புதிதாக வந்த மீனாகவும் இருக்கலாம். அதனால் உடனே அடித்துவிடாமல், "மீண்டும் பார்க்க வேண்டியது" என்று தனியாக வையுங்கள்.

தினமும் விழும் மீன் விடுபட்டதற்கும் தரவுத்தள இடைவெளி காரணமாகலாம். அதன் துடுப்பில் சிறு துண்டு வெட்டி, முழு மீனின் படத்தோடும் உள்ளூர்ப் பெயரோடும் அனுப்பி, அதன் டிஎன்ஏ வரிசையைப் பதிவுசெய்யச் சொல்லி ஆய்வுக்கூடத்தைக் கேளுங்கள். அதன் வரிசை பதிவாகிவிட்டால், பழைய மாதிரிகளின் தரவிலும் அந்த மீனைத் தேட முடியும். பட்டியலில் இல்லாததால் கடலில் இல்லை என்று மட்டும் யாரையும் எழுத விடாதீர்கள்.

அரிய உயிரினம் இருப்பது தெரிந்தால் எங்களுக்கே மீன்பிடித் தடை வந்துவிடும் என்று ஊரில் பயப்படுகிறார்கள். – ஆசிரியை ஒருவர்

பயத்தில் பொருள் இருக்கிறது. "அறிவியல் எல்லோருக்கும் பொது" என்று சொல்லிச் சமாளிக்கும் ஆய்வாளர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. முதல் குப்பி நிரம்புவதற்கு முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள். முடிவுகள் முதலில் யாருக்கு வரும்? அரிய இனத்தின் சரியான இடம் வெளியிடப்படுமா, மறைக்கப்படுமா? மிச்ச மாதிரி எங்கே இருக்கும், வேறு ஆய்வுக்குக் கொடுக்க யாருடைய அனுமதி வேண்டும்? மரபணு வளங்களை எடுக்க அனுமதி பெறுவது, பலனைப் பகிர்வது பற்றிய நகோயா உடன்படிக்கை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நாட்டில் அதற்கான சட்டம் என்ன சொல்கிறது என்று ஆய்வுக்கூடத்திடமே கேளுங்கள்.

இன்னொன்று. கடலாமைகளை ஆராயப் போன புளோரிடா பல்கலைக்கழகக் குழுவினர், நீரிலும் மணலிலும் தெளிவாகப் படிக்கக்கூடிய மனித டிஎன்ஏவும் கிடைப்பதை 2023-ல் காட்டினார்கள். மனிதருடையதைப் படிப்பதோ சேமிப்பதோ கூடாது என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி வையுங்கள்.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. யுனெஸ்கோ 2022-23-ல் 21 கடல்சார் உலகப் பாரம்பரியத் தலங்களில் இதைச் செய்தபோது உள்ளூர் மக்களோடு பள்ளி மாணவர்களும் நீர் எடுத்தார்கள். ஏறத்தாழ 4,500 இனங்கள் தெரியவந்தன. பிளீச்சை மட்டும் பெரியவர்கள் கையாளட்டும்.

நிதி ஓராண்டோடு முடிகிறது. அப்புறம்? – பெயர் வேண்டாம் என்றவர்

இடங்களைக் குறையுங்கள். ஆனால் மிச்சமிருக்கும் இடங்களில் அதே பருவத்தில், அதே ஓதத்தில், அதே முறையில் எடுங்கள். முறை மாறினால் ஆண்டுகளை ஒப்பிட முடியாது. எல்லா மீனையும் தேடுவதை விட்டு, பவளத்தைத் தின்னும் முள்கிரீட நட்சத்திர மீன் போன்ற ஒரே உயிரினத்தை மட்டும் தேடும் சோதனைக்குச் செலவு பொதுவாகக் குறைவு. எந்த உயிரினம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி எழுதுங்கள். அதற்குச் சோதனை இருக்கிறதா என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.