நம்பர் வந்தாச்சு, இனி என்ன?

மதிப்பிற்குரிய ஐயா,

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. மதுரையில் பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. முடித்த கையோடு, ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்கிற கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்து நம்பரும் வாங்கிவிட்டேன். இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை. எட்டு மாதமாக நான் செய்வது த்ரீடி வியூ மட்டும். ஒருநாள்கூட சைட்டுக்குக் கூட்டிப் போனதில்லை. என் பாஸ் என் படத்தைப் பார்ப்பதே கிளையண்ட் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான்.

எங்கள் பெரிய வீட்டில் இப்போது பதினோரு புள்ளி, அதாவது பதினோரு குடும்பம். இரண்டாங்கட்டில், அதாவது உள்ளே இரண்டாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், மழைக்கு ஒழுகுகிறது, ஒரு பக்கத்துச் சுவரில் பூச்சு உதிர்கிறது. தை மாதம் கல்யாணம் இருக்கிறது. “நம்ம வீட்டுப் பிள்ளையே ஆர்க்கிடெக்ட், வெளியாள் எதுக்கு?” என்கிறார்கள் எல்லோரும். என் அம்மான் ஒருபடி மேலே போய், “நம்பர் வந்தாச்சுல்ல, இன்னும் எதுக்கு அடுத்தவன்கிட்ட கைகட்டி நிக்கணும்? வேலையை விட்டுட்டு போர்டு மாட்டு” என்கிறார்.

அமெரிக்காவில் படித்த என் தோழி அங்கே லைசென்ஸ் வாங்க 3,740 மணி நேரம் கணக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நமக்கு அப்படி யாரும் கேட்பதில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டைச் சீர்செய்கிற வேலையை எடுக்கலாமா? எத்தனை வருடம் ஒருவரிடம் இருக்க வேண்டும்? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

பெயரை விட்டுவிட்டேன். இதே கேள்வியை இந்த வருடம் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள் என்பதால் பொதுவில் பதில் எழுதுகிறேன்.

யாரும் கேட்காதது நமக்கு நல்லதில்லை. எம்.பி.பி.எஸ். படித்தவர் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக வார்டில் நின்ற பிறகுதான் முழுப் பதிவு பெறுகிறார். ஆடிட்டர் ஆக வேண்டுமென்றால் இரண்டு வருடம் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி. நமக்கு 1972ஆம் வருடச் சட்டப்படி பட்டம் இருந்தால் போதும், பதிவு கிடைத்துவிடும். ஐந்து வருடப் படிப்புக்குள் ஒரு செமஸ்டர் பயிற்சி வருகிறது, அதில் பலர் செய்வதும் நீங்கள் இப்போது செய்கிற வேலையைத்தான். அந்த நம்பருக்கும் எவ்வளவு பலம் என்று பாருங்கள். பதிவு இல்லாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது, ஆனால் கட்டடம் வடிவமைக்கும் வேலையை அவர் செய்வதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஆக, சட்டம் உங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரு சொல். வேலையை நீங்கள்தான் தேடிக் கற்க வேண்டும்.

உங்கள் அம்மானிடம் ஒன்று கேளுங்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைக்குப் போன நம் ஊர்ப் பையன்கள் கப்பலை விட்டு இறங்கிய அன்றே கடைச் சாவியை வாங்கினார்களா? பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைநிலைப் பையனாகச் சேர்ந்து, கூட்டிப் பெருக்கி, வட்டிக் கணக்கு எழுதி, மேலாளிடம் குட்டு வாங்கி, அடுத்தாளாகி, அதற்கப்புறம்தான் கடை ஒருவன் கைக்கு வந்தது. முதலாளியின் சொந்த மகனாக இருந்தாலும் பெட்டியடியில் உட்காராமல் கடையைக் கொடுக்கமாட்டார்கள். அந்தப் பணத்தில் எழும்பிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கைகட்டி நிற்பது கௌரவக் குறைச்சல் என்று பேசுவது சரியில்லை. இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், அவர் கோபித்தால் என்னிடம் வரட்டும்.

நானும் பதிவு வாங்கிய வருடமே போர்டு மாட்டியவன். 1996இல் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. முற்றத்தைச் சுற்றிய வளவின் சுவரில் அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்திருந்தது. அதைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசச் சொன்னேன். வேலை பார்த்த கொத்தனாருக்கு அப்போதே அறுபது வயதுக்கு மேல். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, கீழ அடைச்சா தண்ணி மேல ஏறும்” என்றார். நான் கேட்கவில்லை. எனக்கு நம்பர் இருந்தது, அவருக்கு இல்லை. இரண்டு மழைக்காலம் போனது. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாக மெல்ல ஆவியாகிக் கொண்டிருந்தது. சிமெண்டு அந்த வழியை அடைத்துவிட, ஈரம் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறி, அதுவரை கெடாமல் இருந்த பழைய வழுவழுப் பூச்சில் உப்பாகப் பூத்தது. நூறு வருடம் தாங்கிய பூச்சு, விரலால் தொட்டால் மாவாகக் கொட்டியது. அந்த வீட்டு ஆச்சி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கொட்டியதைத் தினமும் காலையில் கூட்டி அள்ளினார்கள். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

கொத்தனார் சொல்வது சரி என்று எனக்குச் சொல்ல எனக்கு மேலே ஒருவர் இல்லை. என் கதையில் கோளாறு அதுதான். பூச்சைப் பற்றிய அறிவு அதற்கு அப்புறம்தான்.

போர்டைக் கழற்றி வைத்துவிட்டு மதுரையில் ஒரு மூத்தவரிடம் போய்ச் சேர்ந்தேன். முதல் வாரம் ஒரு மாடி வீட்டுக்கு, நெடுக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டுகிற செக்‌ஷன் வரைந்து கொடுத்தேன். மறுநாள் என் மேசையில் அந்தப் படம் இருந்தது. மொட்டை மாடிக்கு மேலே சிவப்பு மையில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில், “மழை இங்கே விழுகிறது. அப்புறம்?” அவ்வளவுதான். பிளானில் மழைநீர்க் குழாயைக் காட்டியிருந்தேனே என்று எடுத்துப் பார்த்தேன். நான் காட்டிய இடத்தில் குழாய் இறங்கினால் பீமைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். குழாயை நகர்த்தினால் கீழே ஜன்னல். ஜன்னலை நகர்த்தினால் உள்ளே கட்டில் போட இடமில்லை. ஒரு குழாய்க்காக மூன்று நாள் உட்கார்ந்தேன். நான்காம் நாள் அவர் படத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, “வா, கட்டிக்கொண்டிருக்கிற ஒரு வீட்டில் போய்ப் பார்ப்போம்” என்று கூட்டிப் போனார். ஒருவரின் பார்வையில் வேலை செய்வது என்றால் எனக்கு அந்த நான்கு நாள்தான். தப்பு காகிதத்தில் இருக்கும்போதே பிடிபட்டது. கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் அந்த வீட்டுக்காரர் காசு போட்டு எனக்குப் பாடம் நடத்தியிருப்பார். மூன்று வருடம் அவரிடம் இருந்தேன்.

உங்கள் தோழியின் 3,740 மணிக்கு வருகிறேன். வாரம் 40 மணி என்று வைத்தால் ஏறக்குறைய இரண்டு வருடம். இது போக ஆறு பகுதித் தேர்வு தனியாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது மொத்தத்தை விட அவர்கள் அதை ஆறு கட்டமாகப் பிரித்திருக்கும் விதம். வேலைப் படங்களும் குறிப்புகளும் தயாரிப்பதற்கு 1,520 மணி. திட்டமிட்டு வடிவமைக்க 1,080. வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை நடத்திச் செல்ல 360, கட்டுமானத்தை நேரில் கவனிக்க 360. கிளையண்டின் தேவையையும் மனையையும் ஆராய 260, அலுவலகம் நடத்தக் கற்க 160. குறைந்தது 1,860 மணியாவது உரிமம் உள்ள ஆர்க்கிடெக்ட் ஒருவரின் கீழ் அவருடைய அலுவலகத்தில் கழிய வேண்டும். எழுதுகிற கணக்கை அவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது கணக்கு. ஒரே கட்டத்தை எத்தனை வருடம் நிரப்பினாலும் மற்ற ஐந்தும் காலியாக இருந்தால் லைசென்ஸ் இல்லை.

இன்று ராத்திரியே ஒரு நோட்டில் ஆறு கட்டம் போட்டு, உங்கள் எட்டு மாதத்தை அதில் எழுதிப் பாருங்கள். த்ரீடி வியூ எல்லாம் வடிவமைப்புக் கட்டத்தின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பாஸிடம் போங்கள். குறை சொல்ல வேண்டாம். “சார், ஒரு சின்ன வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை என்னிடம் கொடுங்கள். வாரத்தில் ஒருநாள் சைட்டுக்கு வருகிறேன்” என்று கேளுங்கள். பலருக்கு யாராவது கேட்டால்தான் நினைவே வரும். மூன்று மாதம் பாருங்கள். ஒன்றும் மாறவில்லையென்றால் கிளம்பிவிடுங்கள்.

அடுத்த இடத்துக்கு நேர்முகம் போகும்போது அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வராதீர்கள். என் படத்தை யார் திருத்துவார்கள், எப்போது திருத்துவார்கள் என்று கேளுங்கள். இப்போது நடக்கிற வேலையில், சைட்டில் பார்த்துக் கட்டுகிற ஒர்க்கிங் டிராயிங் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பேனாக் கோடு விழுந்திருந்தால் அங்கே படம் பார்க்கிற கண் இருக்கிறது. அலுவலகம் பெரிதா, பேர் பெற்றதா என்பதெல்லாம் இரண்டாவது. இரண்டு பேர் மட்டும் இருக்கிற இடத்தில் எல்லா வேலையும் உங்கள் தலையில் விழும், கற்க அதைவிட நல்ல இடம் இல்லை. ‘அனுபவம்தான் சம்பளம்’ என்று சொல்கிறவரிடம் மட்டும் சேராதீர்கள். உழைப்புக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர் நேரமும் கொடுக்கமாட்டார்.

எத்தனை வருடம் என்றால், இரண்டு மழைக்காலமாவது பாருங்கள். நீங்கள் படம் வரைந்த ஒரு கட்டடம் குடியேறி ஒரு மழையைத் தாண்டும் வரை அந்த இடத்தை விடாதீர்கள்.

இனி உங்கள் வீடு. தனியாக எடுக்காதீர்கள். கல்யாணத் தேதிக்காகவும் எடுக்காதீர்கள், தை மாதத்துக்குள் சுண்ணாம்பு வேலை முடியாது. சொந்த வீடு என்பதாலேயே கூடுதல் ஆபத்து. பதினோரு புள்ளியும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், எதிர்த்துப் பேச உங்களுக்கு நாக்கு எழாது. அவசரத்தில் யாராவது ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்வார்கள், சுவருக்குச் சிமெண்டு பூசச் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் பந்தலைப் போட்டு ஒழுகலை மறைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. பழைய வீடுகளைச் சீர்செய்து பழகிய ஆர்க்கிடெக்ட் ஒருவரை அமர்த்தச் சொல்லுங்கள், அவரிடம் நீங்கள் உதவியாளராக இருங்கள். உங்கள் வீட்டிலேயே நீங்கள் பெட்டியடியில் உட்காருங்கள். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயங்கினால், அந்த ஆர்க்கிடெக்டின் ஃபீஸை ஒழுகலுக்கான செலவில் ஒன்றாகவே முதலிலேயே எழுதிக் காட்டுங்கள்.

கொத்தனாரையும் விடாதீர்கள். கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்து முடித்த பிறகு சுவர் வேர்க்கும். பொடிப் பொடியாக நீர் முத்து கோர்க்கும், அதை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். விடிந்து பார்த்தால் மறுபடி வேர்த்திருக்கும். பள்ளத்தூர் வீட்டுக்கு அதே கொத்தனாரை நான் பின்னால் திரும்ப அழைத்தபோது, அவர் என்னிடம் கொடுத்த முதல் வேலை அந்தத் துணி. பல நாள் ஒற்றினேன். எவ்வளவு அழுத்தினால் பளபளப்பு கலைகிறது, எப்போது விட்டால் பூச்சு கறுக்கிறது என்பதெல்லாம் கைக்குத்தான் தெரிந்தது. அவருடைய கண்ணும் உங்கள் மேல் இருக்கட்டும்.

அம்மான் பேச்சில் இன்னொன்று வரும் பாருங்கள். யாரோ போட்டுக் கொண்டுவருகிற பிளானில் ‘ஒரு கையெழுத்து மட்டும்’ கேட்பார்கள். நீங்கள் வரையாத, சைட்டில் பார்க்காத எதிலும் போடாதீர்கள். பணம் கொடுத்தாலும் வேண்டாம், சொந்தக்காரர் என்றாலும் வேண்டாம். நாளை அந்தப் பால்கனி விழுந்தால் அதன் கீழே நின்றவருக்கு உங்கள் உறவுமுறை தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். சம்பளமும் பதவியும் இல்லாமல் இப்போதே செய்யக் கூடியது. இரண்டாங்கட்டு முற்றத்தில் குடையோடு நில்லுங்கள். இரண்டு ஓட்டுச் சரிவும் சேருகிற கூடல்வாயில் தண்ணீர் எப்படி வருகிறது, எங்கே தளும்புகிறது, எந்தத் தூணுக்கு மேலே மரம் கறுத்திருக்கிறது என்று வரையுங்கள். தேக்கு உத்திரம் சுவருக்குள் போகிற முனையை ஏணி வைத்துத் தொட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் உளுத்துக்கொண்டிருக்கும். முற்றத்துத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போய் ஊருணியில் சேருகிறது என்பதையும் கடைசி வரை நடந்து பாருங்கள், நடுவில் யாராவது அடைத்திருப்பார்கள். அதையெல்லாம் ஒரே செக்‌ஷனில் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். சிவப்பு மையும் இருக்கிறது.

அன்புடன்.