மேஸ்திரி இல்லாத கட்டடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஎன்ஏ என்பது உடலின் வரைபடம், அதன் முழுப் பிரதி ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது என்று எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். “ஒவ்வொரு செங்கல்லுக்குள்ளேயும் முழு பிளானும் இருக்குன்னா, தான் சுவரா, ஜன்னல் ஓரமான்னு அந்தச் செங்கல்லுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். மழுப்பிவிட்டேன். ஒரே செல்லில் தொடங்கும் கருவில் இது கண், இது நகம் என்று முடிவு செய்வது யார்? எல்லாமே முன்கூட்டி எழுதப்பட்டதுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மகள் உங்களை நன்றாகவே மடக்கியிருக்கிறாள். இதே இடத்தில் 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்களும் திணறினார்கள். ஆகஸ்ட் வைஸ்மான் ஒரு வழி சொன்னார்: செல் பிரியப் பிரிய உள்ளே இருக்கும் சரக்கும் பங்கு பிரிகிறது, கண் செல்லுக்குக் கண்ணுக்கானது மட்டும் போய்ச் சேர்கிறது. கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் தவறு. 1962-இல் ஜான் கர்டன், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, சொந்த உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டையில் வைத்தார். பெரும்பாலான முட்டைகள் பாதியில் நின்றுபோயின. சில மட்டும் நீந்தும் தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. அந்தச் சிலவே போதும். குடல் செல் எதையும் தொலைக்கவில்லை, தன்னிடம் இருந்ததில் பெரும்பகுதியைப் படிக்காமல் மூடிவைத்திருந்தது.

சரி, எதைத் திறப்பது, எதை மூடுவது? இங்கே ‘வரைபடம்’ என்ற சொல்லைக் கைவிட்டுவிடலாம். கண் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் படம் டிஎன்ஏவில் எங்கும் கிடையாது. இருப்பவை நிபந்தனைகள்: இந்தப் புரதம் இவ்வளவு இருந்தால் இந்த மரபணுவைத் திற, என்ற மாதிரி.

பழ ஈயில் முதல் வேறுபாட்டை அம்மாவே செய்துவைத்துவிடுகிறாள். பைகாய்டு என்ற மரபணுவின் ஆர்என்ஏவை (புரதம் செய்வதற்கான நகலை) முட்டையின் ஒரு முனையில் மட்டும் சேர்த்துவைக்கிறாள். அதிலிருந்து உண்டாகும் புரதம் மறுமுனையை நோக்கிப் பரவுகிறது. போகப்போக அடர்த்தி குறைகிறது. அடர்த்தி மிகுந்த இடத்தில் தலை, அதற்கடுத்து மார்பு. தாயிடம் இந்த மரபணு பழுதென்றால் புழுவுக்குத் தலையே வராது, அந்த முனையிலும் வால் பகுதிதான் வரும். குழந்தையின் சொந்தப் பிரதி சரியாக இருந்தும் பயனில்லை.

பாலூட்டிகளில் இந்த ஏற்பாடு இல்லை. கரு பதினாறு செல்லை நெருங்கும்போது சில செல்கள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன, சில வெளியே நிற்கின்றன. வெளியே நிற்பவை நஞ்சுக்கொடியின் பக்கம் போகின்றன. தனக்கு ஒரு பக்கத்தில் யாருமே இல்லை என்பதுதான் அந்தச் செல்லுக்குக் கிடைக்கும் செய்தி!

அக்கம்பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1924-இல் ஹான்ஸ் ஸ்பேமானும் ஹில்டே மாங்கோல்டும் வெளியிட்ட சோதனையைச் சொல்வேன். அவர்கள் எடுத்துக்கொண்டது நியூட், பல்லி உருவத்தில் இருக்கும் தவளையின் உறவு. வெளிர்நிற இனக் கருவின் முதுகுப் பக்கத்தில் ஒரு சிறு துண்டை எடுத்து, கறுத்த இனக் கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார்கள். அங்கே முதுகுத்தண்டோடு இரண்டாவது உடல் ஒன்று முளைத்தது. அதன் நரம்புத் திசு பெரும்பாலும் கறுப்பாக இருந்ததுதான் விசேஷம். அதாவது வயிற்றுத் தோலாகப் போக வேண்டியிருந்த உள்ளூர் செல்கள், புதிதாக வந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து மூளையாகிவிட்டன. சோதனையைத் தன் கையால் செய்த ஹில்டே அதே ஆண்டு 25 வயதில் விபத்தில் இறந்துபோனார். 1935 நோபல் பரிசு ஸ்பேமானுக்கு.

அந்தத் துண்டு என்னதான் சொல்லியிருக்கும்? “மூளையாகு” என்ற கட்டளையைத் தேடிப் பல பத்தாண்டுகள் போயின. 1990-களில் விடை கிடைத்தபோது அது தலைகீழாக இருந்தது. செல்களுக்கு ஏற்கெனவே பிஎம்பி என்ற புரதம் “தோலாகு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒட்டிய துண்டு சுரக்கும் நாகின், கார்டின் என்ற புரதங்கள் பிஎம்பியைப் பிடித்து வாயடைத்துவிடுகின்றன. தோலாகச் சொல்ல ஆளில்லாத செல் நரம்பாகிறது. மேஸ்திரியைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது, மேஸ்திரியைப் பேசவிடாமல் செய்கிறவர்.

அப்புறம், முன்கூட்டி எழுதப்பட்டதா என்ற கேள்வி. ஆம் என்று சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு ஏற்ற உயிர் சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழு. அதன் இருபால் வடிவத்தில் 1090 உடல் செல்கள் பிறக்கின்றன, 131 செல்கள் உரிய நேரத்தில் தாமாகவே சாகின்றன, 959 மிஞ்சுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் இதே கணக்கு, ஏறக்குறைய இதே வம்சாவளி. அவ்வளவு கறாரான புழுவிலும் கருப்பை உருவாகும் இடத்தில் அருகருகே இரண்டு செல்கள் நிற்கின்றன. இரண்டில் ஒன்று ‘நங்கூர செல்’ ஆக வேண்டும், அதாவது கருப்பையை வெளித்துவாரத்தோடு இணைக்கும் செல். ஒன்றுக்கொன்று சமிக்ஞை கொடுத்துக்கொள்கின்றன. எது கொஞ்சம் முந்துகிறதோ அது மற்றதை அடக்கிவிட்டு நங்கூரமாகிறது. சுமார் பாதிப் புழுக்களில் இது, மீதியில் அது. லேசரால் ஒன்றைச் சுட்டுவிட்டால், மிஞ்சியது தவறாமல் நங்கூர செல்லாகிறது. மகளிடம் இந்த இரண்டு செல்களிலிருந்தே ஆரம்பியுங்கள்.