கறிவேப்பிலைப் புழுவை வீட்டில் வளர்க்கலாமா?

கேள்வி: மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை சார்ட் செய்யச் சொன்னார்கள்; கடையில் படம் வாங்கி ஒட்டிக் கொடுத்துவிட்டோம். மறுவாரமே பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியில் பறவை எச்சம் போல ஒரு புழுவைப் பார்த்துவிட்டு, ‘இதை நாம வளர்க்கலாம்’ என்று பிடிவாதமாக நிற்கிறாள். தொட்டால் அரிக்கும், தூக்கிப் போடு என்கிறார் மாமியார். வளர்க்கலாமா? அறிவியல் கிட் ஏதாவது வாங்க வேண்டுமா? நடுவில் செத்துப்போனால் பிள்ளை தாங்குவாளா?

பதில்: தாராளமாக வளர்க்கலாம். கிட் எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உங்கள் போன் கேமராவே போதும்.

அரிப்பு விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். உங்கள் மாமியார் சொல்வது கம்பளிப்பூச்சிக்கு முழுக்கப் பொருந்தும். முருங்கை மரத்தில் அடைஅடையாக அப்பிக்கிடக்கும் ரோமப்புழுக்களைக் குழந்தைகள் தொடவே கூடாது. அந்த முடிகள் தோலில் ஏறினால் தடித்துச் சிவந்து அரிக்கும். கறிவேப்பிலையில் இருப்பதோ முடியில்லாத வழவழப் புழு. அது கடிக்காது, கொட்டாது. ஆனாலும் கையால் பிடித்துத் தூக்க வேண்டாம். அதன் கால்கள் இலையை இறுகப் பற்றியிருக்கும். இழுத்தால் காயம் படுவது புழுவுக்குத்தான். அது இருக்கும் இலையோடு சேர்த்து நறுக்கி இடம் மாற்றினால் போதும். ‘முடி இருந்தால் தொடாதே, இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டுத் தொடு’ என்று மகளிடம் சொல்லி வையுங்கள். மாமியாருக்கும் நிம்மதி.

உங்கள் தொட்டியில் இருப்பது அநேகமாக இரண்டில் ஒன்று: எலுமிச்சை அழகி அல்லது கறிவேப்பிலை அழகி. இரண்டுமே எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை என்று ஒரே குடும்பத்துச் செடிகளில் முட்டையிடும். இரண்டின் புழுவும் சின்ன வயதில் எச்சம் போலவே இருக்கும். பறவை ஏமாந்து விட்டுவிடும். இப்போதைக்கு எது என்று நீங்களும் கண்டுபிடிக்க வேண்டாம், இணையத்தில் தேடிப் பெயரை மகளிடம் சொல்லவும் வேண்டாம். மூன்று வாரம் கழித்து அவளே கண்டுபிடிக்கட்டும். பிள்ளைகளின் அறிவியலைக் கெடுப்பது பெரும்பாலும் நம்முடைய அவசர விடைகள்தான் என்பது என் கருத்து.

சரி, வீடு. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, அல்லது அதைவிட உயரமான பிளாஸ்டிக் டப்பா. அடியில் டிஷ்யூ பேப்பர். மேலே மூடிக்குப் பதில் பழைய கொசுவலைத் துண்டு, ரப்பர் பேண்ட். சின்னக் கறிவேப்பிலைக் கொப்பு ஒன்றைத் தண்ணீர் நிரப்பிய குட்டி பாட்டிலில் செருகி உள்ளே வையுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக அடைக்க மறக்கக் கூடாது. தண்டு வழியே இறங்கி வரும் புழு தண்ணீரில் விழுந்து செத்துவிடும். எறும்பு வருகிற வீடு என்றால் டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். தினமும் டிஷ்யூவை மாற்ற வேண்டும், ஏனென்றால் எச்சமும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும், புழுக்களுக்கு நோய் வரும். இந்த வேலையை மகளிடமே விடலாம்; முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, காய்கறிக்கடைக் கறிவேப்பிலையைப் போடாதீர்கள். நாம் கழுவிச் சாப்பிடும் அளவுக்கு மிச்சமிருக்கும் மருந்தே புழுவைக் கொன்றுவிடலாம். மருந்தடிக்காத உங்கள் தொட்டிச் செடியோ, பக்கத்து வீட்டுச் செடியோதான் தீனி. வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்த செடியும் ஆகாது. இரண்டு, டப்பா இருக்கும் அறையில் கொசுவர்த்தி, பிளக்கில் செருகும் கொசு மருந்து, கரப்பான் ஸ்பிரே எதுவும் கூடாது. கொசுவைக் கொல்வது புழுவையும் கொல்லும். வீட்டில் வளர்க்கும் புழு திடீரென்று சுருண்டு விழுந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

ஒரே ஒரு புழு போதும், மிஞ்சினால் இரண்டு. ஐந்து புழு சேர்ந்தால் தொட்டிச் செடியை மொட்டையடித்துவிடும். அதன் வாழ்நாள் தீனியில் பாதிக்கு மேல் போவது கடைசிச் சில நாட்களில்தான். அப்போது இலை இல்லாமல் தவிக்காதபடி இன்னொரு செடி யார் வீட்டில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மகள் என்ன செய்வாள்? ‘பார்த்துக்கொண்டிரு’ என்றால் இரண்டு நாளில் சலித்துவிடும். அவளுக்கு வேண்டியது புழுவே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. எட்டு வயதுக்கு எனக்குப் பிடித்தது இது: ‘இன்று எவ்வளவு தின்றது?’ கணக்கு நோட்டோடு வரும் கிராஃப் தாளில் ஒரு இலையை வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரையட்டும். அந்த இலையைப் புழுவுக்குக் கொடுத்து, மறுநாள் மிச்சமிருப்பதை அதே இடத்தில் வைத்து வரையட்டும். நடுவில் காணாமல் போன கட்டங்களை எண்ணினால் அதுதான் தின்ற பரப்பு. பாதிக்கு மேல் நிறைந்த கட்டத்தை ஒன்றாகவும், பாதிக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டும் எண்ணச் சொல்லுங்கள். பக்கத்தில் புழுவின் நீளம், எச்சத்தின் எண்ணிக்கை. இரண்டு மூன்று மில்லிமீட்டரில் தொடங்கும் உருவம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் வரை போகும். அந்த எண்களை அவளே பட்டை வரைபடமாக வரையும்போது ஒரு விஷயம் கண்ணில் படும்: நடுவில் சில நாட்களில் பட்டையே இல்லை.

அந்த நாட்களில்தான் பெற்றோரும் பதறுவார்கள். புழு தின்னாது, அசையாது, இலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நோய் இல்லை, தோலுரிக்கத் தயாராகிறது. அப்போது தொடவோ இலையை மாற்றவோ கூடாது. மறுநாள் பார்த்தால் கொஞ்சம் பெரிதாகி, கழற்றிய தோலையே தின்றுகொண்டிருக்கும். மொத்தம் ஐந்து பருவம், நான்கு தோலுரிப்பு. கடைசி முறை உரிக்கும்போது எச்ச வேடம் போய்ப் பச்சைப் புழு வரும், முன்பக்கம் கண் போன்ற இரண்டு புள்ளிகளோடு. ‘இதுதான் கண்’ என்பாள். லென்ஸைக் கொடுத்து வாய் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நிஜத் தலை அந்தப் புள்ளிகளுக்கு முன்னால், கீழே குனிந்து கிடக்கும் சின்ன உருண்டை. அவளே அதிர்ந்துபோவாள்.

மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் முதுகை ஒரே ஒரு முறை லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் கவட்டை போல ஒரு கொம்பு நீளும், நாற்றமும் வரும். எறும்பையும் சிலந்தியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம். விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் சீண்டக் கூடாது.

இன்னொரு சோதனை: தட்டில் கறிவேப்பிலை, எலுமிச்சை இலை, செம்பருத்தி இலை மூன்றையும் வைத்து நடுவில் புழுவை விடுவது. எது பிடிக்கும் என்று முன்கூட்டியே நோட்டில் எழுத வேண்டும். செம்பருத்தியை அது சீண்டவே செய்யாது. ‘பசித்தால்கூடவா?’ என்று அவள் கேட்டால், பட்டினி போட்டுப் பார்க்க வேண்டாம், பால்கனியில் தாய்ப்பூச்சி எந்தெந்தச் செடியில் உட்கார்ந்து பார்க்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். அது இலையைக் காலால் தட்டி ருசி பார்த்துத்தான் முட்டையிடும்.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புழு திடீரென்று தண்ணீராகக் கழியும். பிறகு டப்பா முழுக்க ஓடும். வயிற்றுப்போக்கு என்று பயப்பட வேண்டாம். வயிற்றைக் காலி செய்துவிட்டுக் கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. உள்ளே காய்ந்த குச்சி ஒன்றும் பச்சைக் கொப்பு ஒன்றும் சாய்த்து வையுங்கள். வால் நுனியை ஒட்டி, இடுப்பில் பட்டு இழையால் கச்சை கட்டி, தலை மேலாகச் சாய்ந்து நிற்கும். பச்சைக் கொப்பில் பெரும்பாலும் பச்சையாகவும், கரடுமுரடான காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் கூட்டுப்புழு ஆகும். இது எப்போதும் ஒரே மாதிரி வராது என்பதால் முன்கூட்டியே பந்தயம் கட்டச் சொல்லலாம். இழை அறுந்து கீழே விழுந்தால் காகிதத்தைச் சுண்டல் பொட்டலம் போலக் கூம்பாகச் சுருட்டி, தலை மேலே இருக்கும்படி வையுங்கள். அப்படியே பிழைத்துக்கொள்ளும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் காத்திருப்பு. கூடு கறுத்து, உள்ளே இறகின் புள்ளிகள் தெரிந்தால் மறுநாள் காலையில் அலாரம் வைத்து எழுந்திருங்கள். பெரும்பாலும் விடிந்த சில மணி நேரத்துக்குள் வெளிவரும். அது ஏறித் தொங்குவதற்குக் குச்சி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. கீழே சொட்டும் நிறமான நீர் ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. இரண்டு மணி நேரமாவது விட்டு, பால்கனியில் திறந்துவிடுங்கள். மழை கொட்டினால் மறுநாள் வரை வைத்திருக்கலாம்.

இப்போது பெயர். கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் நிறைய இருந்து, வால் இல்லாவிட்டால் எலுமிச்சை அழகி. கறுப்பு இறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடி, பின்னிறகில் வால் இருந்தால் கறிவேப்பிலை அழகி. வாலோடு சிவப்புத் திட்டுகளும் தெரிந்தால்? அதுவும் கறிவேப்பிலை அழகியேதான், பெண். ஆடுதின்னாப்பாளை என்ற கொடியைப் புழுப்பருவத்தில் தின்று உடம்பில் நஞ்சேறிய வேறு இரண்டு அழகிகளைப் பார்த்துப் பறவைகள் ஒதுங்கும். அவற்றின் வேடத்தைச் சில பெண் பூச்சிகள் போட்டுக்கொள்கின்றன. ஒரே தாய்க்கு வேடமிட்ட மகளும் வேடமில்லாத மகளும் பிறக்கலாம். இதை ஆட்டிவைப்பது ஒரே ஒரு மரபணு என்று பெங்களூரைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் காட்டினார்கள். இதே கறிவேப்பிலை அழகியை வைத்துத்தான் அந்த ஆராய்ச்சி நடந்தது.

கடைசியாக, நீங்கள் பயப்படும் கேள்வி. செத்துப்போகலாம். செடியிலிருந்து எடுத்த புழுவுக்குள் ஏற்கெனவே வேறொரு பூச்சியின் முட்டை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வண்ணத்துப்பூச்சி வரவேண்டிய கூட்டில் குட்டித் துளை போட்டுக்கொண்டு சின்னஞ்சிறு குளவிகள் டஜன் கணக்கில் வெளிவரும். அல்லது வெள்ளைப் புழு ஒன்று நூலில் இறங்கி வந்து ஈயாக மாறும். இதை மறைக்காதீர்கள், குப்பையில் போட்டுவிட்டு ‘பறந்துபோச்சு’ என்று சொல்லாதீர்கள். ஜெர்மனியில் 1647-ல் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கியவர். கூட்டிலிருந்து அழகான பூச்சிக்குப் பதில் ஈக்கள் வந்தபோது அவற்றையும் சேர்த்தே வரைந்து வைத்தார். நம் ஊரில் கரும்பின் இடைக்கணுப்புழுவுக்கு எதிராக விவசாயிகள் வயலில் கட்டும் ஒட்டுண்ணி அட்டைத் துண்டில் இருப்பதும் இதுபோல வேறொரு பூச்சிக்குள், அதன் முட்டையிலேயே, வளரும் குளவிதான். மகள் அழுதால் அழட்டும். ஒரு நாள் கழித்து அந்தத் துளையை லென்ஸில் காட்டுங்கள், எத்தனை குளவி என்று எண்ணச் சொல்லுங்கள். வீட்டுப் புழுக்களில் எத்தனை தப்பின, எத்தனை போயின என்று அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கட்டும்.

ஒன்று வெற்றியானதும் அடுத்தது எருக்கஞ்செடிப் புழு என்று கிளம்புவாள். மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டைகளோடு அழகாக இருக்கும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் வலி அதிகம் தெரியாமலே பார்வை மங்கிவிடும்; உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த இலையைப் பெரியவர்கள் மட்டும் கையுறையோடு பறிப்பது நல்லது. அரளியும் நஞ்சுதான், அதிலிருக்கும் புழுவைச் செடியிலேயே பார்த்தால் போதும். ஆடுதின்னாப்பாளைப் புழுக்களை எடுத்து வராதீர்கள். அந்த வகைகளில் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை உண்டு.

பள்ளி சார்ட் வீட்டில் இருந்தால் மகளின் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைப் படத்தில் நான்கு கட்டங்களும் ஒரே அளவாக இருக்கும். அவளுடைய நாட்கணக்கு அப்படி இருக்காது. ஆசிரியர் சம்மதித்தால் கூட்டுப்புழு ஒட்டிய குச்சியை பாட்டிலில் நட்டு, பைக்குள் போடாமல் கையில் பிடித்து வகுப்புக்குக் கொண்டுபோகலாம். வெள்ளிக்கிழமை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டாம். சனிக்கிழமை வெளிவந்தால் பூட்டிய அறையில் திறந்துவிட ஆள் இருக்காது.